மூன்று சக்கரமும் முன்பின் தெரியாதவர்களும்

1881-ஆம் வருடம் ஏப்ரல் 19-ம் தேதி. பாரிஸ் நகரத்தில் வலுவா தெரு என்று ஒரு தெரு. அதில் ஒரு மூன்று சக்கர வண்டி போகிறது. இழுக்கக் குதிரை இல்லை. ஓட்டுகிறவர் மிதிக்கவும் இல்லை. புகை இல்லை, சத்தமும் அதிகம் இல்லை. ஓட்டுபவரையும் சேர்த்து மொத்த எடை 160 கிலோ, வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். நம்ம ஊரில் சைக்கிளில் கொஞ்சம் நிதானமாகப் போகிறவரின் வேகம்.

செய்தவர் பெயர் குஸ்தாவ் த்ரூவே. இங்கிலாந்திலிருந்து வந்த மிதிவண்டி ஒன்றை எடுத்து, சீமென்ஸ் மோட்டாரைத் திருத்தி அதில் மாட்டி, ரீசார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியையும் ஏற்றிவிட்டார். உலகத்தின் முதல் மின்சார மூன்று சக்கர வண்டி இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். கார்ல் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29-ல். அதாவது பெட்ரோலுக்கு ஐந்து வருடம் முன்னாடியே கரண்ட் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது!

இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, அவ்வளவு சீக்கிரம் வந்தும் அந்த வண்டி ஏன் அந்தத் தெருவைத் தாண்டவில்லை என்பதுதான். த்ரூவே அடுத்த மாதமே அதே மோட்டாரை ஒரு படகில் மாட்டி செய்ன் நதியில் விட்டார். வண்டியை அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த வருடம், 1882-ல், லண்டனில் வில்லியம் அயர்ட்டன், ஜான் பெர்ரி என்று இரண்டு பேராசிரியர்கள் இன்னொரு மின்சார மூன்று சக்கர வண்டி செய்தார்கள். (இந்த அயர்ட்டன் அதற்கு முன்பு இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். அப்புறம் ஜப்பான் போய் அங்கே பாடம் நடத்தினார். அங்கேதான் பெர்ரியோடு சேர்ந்து வேலை செய்தார்.) பத்து ஈய பேட்டரிகள், அரைக் குதிரைத்திறன் மோட்டார். வேகம் வேண்டுமென்றால் பேட்டரிகளை ஒவ்வொன்றாக இணைப்பில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முன்னால் இரண்டு சின்ன மின்விளக்குகள் வேறு. ஒரு சார்ஜில் சாலையைப் பொறுத்து 16-லிருந்து 40 கிலோமீட்டர் வரை போகும் என்று கணக்கு.

40 கிலோமீட்டர் ஒன்றும் மோசமில்லை. அந்தக் காலத்துக் குதிரை வண்டியே ஒரு மூச்சில் அவ்வளவுதான் போகும். சிக்கல் 41-வது கிலோமீட்டரில் இருந்தது. அங்கே போய் நின்றால் என்ன செய்வது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1882 ஜனவரியில் லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசன் கம்பெனியின் மின்நிலையம் தொடங்கியது. நியூயார்க்கில் பேர்ல் தெரு நிலையம் அதே வருடம் செப்டம்பரில். உலகத்தில் காசு கொடுத்துக் கரண்ட் வாங்கக்கூடிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லண்டனிலிருந்து 41-வது கிலோமீட்டரில் உள்ள கிராமத்தில் ஒரு நல்ல மனிதர் இருக்கலாம். உள்ளே வாங்க, ரொட்டி சாப்பிடுங்க, குதிரைக்கு... மன்னிக்கவும், வண்டிக்கு ஏதாவது வேண்டுமா என்றுகூடக் கேட்கலாம். கரண்டை மட்டும் அவரால் கொடுக்க முடியாது. அவர் வீட்டில் அது இல்லை.

பொருளாதாரப் பாடத்தில் நிரப்புப் பண்டங்கள் என்று ஒன்று வரும். காரும் பெட்ரோலும் என்று உதாரணம் எழுதி இரண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் கார் என்று ஒன்று இல்லாத காலத்தில் காருக்கான பெட்ரோலை யார் விற்பார்? பெட்ரோல் இல்லாத ஊரில் காரை யார் வாங்குவார்? இந்த முடிச்சு 1888-ல் எப்படி அவிழ்ந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதுவும் மூன்று சக்கர வண்டிக் கதைதான். மின்சார வண்டி ஏன் தோற்றது என்று புரிய வேண்டுமானால் பெட்ரோல் வண்டி எப்படிப் பிழைத்தது என்று பார்க்க வேண்டும்.

பெர்த்தா பென்ஸ். கார்ல் பென்ஸின் மனைவி. 1849-ல் ஜெர்மனியின் போர்ட்ஸ்ஹைம் ஊரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை எடுத்து, வருங்காலக் கணவரின் நொடித்துப்போன கம்பெனியில் போட்டவர். இன்றைய பாஷையில் சொன்னால் அந்தக் கம்பெனியின் முதல் முதலீட்டாளர். ஆனால் கல்யாணம் ஆன பெண்ணுக்கு அன்றைய சட்டத்தில் அந்த உரிமை எதுவும் கிடையாது, அதனால் காப்புரிமைத் தாளில் அவர் பெயர் இல்லை.

காப்புரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகியும் வண்டி விற்கவில்லை. ஏதோ விசித்திரப் பொருள் என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கார்ல் பென்ஸ் இன்னும் திருத்தணும், இன்னும் திருத்தணும் என்று பட்டறையிலேயே இருக்கிறார். 1888 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலை, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பெர்த்தா தன் மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவரையும் கூட்டிக்கொண்டு பட்டறையிலிருந்த மூன்றாவது மாடல் வண்டியை வெளியே எடுத்துவிட்டார். பெரியவனுக்கு 15 வயது, சின்னவனுக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு. அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டார்.

மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் 104 கிலோமீட்டர். அதுவரை அந்த வண்டி பட்டறையைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடியதுதான். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, மெக்கானிக் கிடையாது. வழிகாட்டிப் பலகையே பெரும்பாலும் குதிரைக்காரருக்காக எழுதியதுதான்.

இந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் என்று தனியாக ஒன்று கிடையாது. கார்புரேட்டரிலேயே நாலரை லிட்டர் பிடிக்கும், அவ்வளவுதான். ஹைடல்பெர்க் தாண்டி வீஸ்லோக் என்ற ஊர் வந்தபோது எரிபொருள் தீரும் நிலை. பெர்த்தா நேராக ஊர் மருந்துக்கடைக்குப் போனார். அங்கே லிக்ராயின் என்று ஒரு திரவம் விற்பார்கள், துணியில் கறை எடுப்பதற்காக. பெட்ரோலின் மெல்லிய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வில்லி ஓக்கல். கடையில் இருந்த சரக்கு மொத்தத்தையும் பெர்த்தா வாங்கினார் என்று சொல்வார்கள். அந்த மருந்துக்கடை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது, வாசலில் நினைவுச்சின்னமும் இருக்கிறது.

ஓக்கல் இடத்தில் நின்று பாருங்கள். தலை கலைந்து, தூசி படிந்து ஒரு பெண்மணி வந்து, கறை நீக்கும் திரவத்தை லிட்டர் கணக்கில் கேட்கிறார். எவ்வளவு பெரிய கறையோ என்று அவர் நினைத்திருக்கலாம் :) ஆனால் கொடுத்தார்.

மீதி வழி முழுக்க இதே கதைதான். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தபோது பெர்த்தா தன் தொப்பி ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தார். எஞ்சினைப் பற்ற வைக்கும் வயரில் மேலுறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டியைச் சுற்றினார். இந்த இரண்டும் எல்லாரும் சொல்கிற கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது மற்றவை. சங்கிலி பழுதானபோது புருக்சால் ஊரில் ஒரு கொல்லர் சரி செய்து கொடுத்தார். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போனபோது பவுஷ்லாட் ஊரில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி அந்தக் கட்டையில் தோலை அடித்துக் கொடுத்தார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அது! எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சத்திரம், ஓடை, வாய்க்கால் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் ஊற்றிக்கொண்டே போனார்கள். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து வேறு வழியாக வண்டியிலேயே திரும்பி வந்தார். ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் சொன்னது வண்டியில் சேர்ந்தது. இந்த விவரங்களில் பெரும்பகுதி அந்தக் குடும்பமே பிற்பாடு சொன்னது, கார்ல் பென்ஸின் சுயசரிதை வந்ததே 1925-ல்தான். அதனால் சில இடங்களில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும் என்று வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் பயணம் நடந்தது, மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது கவனியுங்கள். அந்த வழியில் உதவியவர்களில் ஒருவருக்காவது மோட்டார் வண்டி என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாது. தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் திரவம் இருந்தது. கொல்லரிடம் உலையும் சம்மட்டியும் இருந்தன. செருப்புத் தைப்பவரிடம் தோலும் ஆணியும் இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருந்தது. வேறு வேலைக்காக வைத்திருந்த பொருளைப் புது வேலைக்குக் கொடுத்தார்கள். பெட்ரோல் வண்டிக்கான நிரப்புப் பண்டங்கள் வண்டி வருவதற்கு முன்பே, வேறு வேறு பெயரில், வேறு வேறு கடையில், அந்தச் சாலை முழுக்கக் கிடந்தன. பெர்த்தா அதைத் தேடிக் கோத்துக்கொண்டே போனார். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் கண்டுபிடிப்பே அதுதான்.

அதே சாலையில் அதே நாள் அயர்ட்டனின் மின்சார வண்டி போயிருந்தால்? ஹைடல்பெர்க் தாண்டுவதற்குள் பேட்டரி காலியாகியிருக்கும். வீஸ்லோக் மருந்துக்கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி. நாலரை லிட்டர் லிக்ராயின் என்றால் சுமார் 3 கிலோ. அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 35 யூனிட் கரண்டுக்குச் சமம். இன்றைய ஈய பேட்டரியே ஒரு கிலோவுக்கு 30, 40 வாட்-மணிதான் பிடிக்கும். அப்படியானால் அதே ஆற்றலுக்கு ஒரு டன் பேட்டரி வேண்டும். அந்தக் கால எஞ்சின் பத்தில் ஒன்பது பங்கைச் சூடாக வீணடித்தது என்று கழித்துவிட்டாலும் நூறு கிலோவுக்கு மேல் பேட்டரி சுமக்க வேண்டும். ஒரு பக்கம் கையில் தூக்கிக்கொண்டு வரும் கேன், இன்னொரு பக்கம் இரண்டு ஆள் எடை. அந்தக் கேனை நிரப்ப இரண்டு நிமிடம். பேட்டரி நிரம்ப ராத்திரி முழுக்க.

அதனால்தான் மின்சார வண்டி ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது. தோற்றுப்போனது என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. நகரத்துக்குள் கரண்ட் இருந்தது, கரண்ட் வண்டியும் இருந்தது. ஊரைத் தாண்ட ஆசைப்பட்டவர்கள் பெட்ரோலுக்குப் போனார்கள். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

நடுவில் வந்த எத்தனையோ முயற்சிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1985 ஜனவரி 10. பாக்கெட் கால்குலேட்டரும் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரும் விற்றுப் பேர் வாங்கிய சர் கிளைவ் சின்க்ளேர், சி5 என்ற மின்சார மூன்று சக்கர வண்டியை லண்டனில் அறிமுகப்படுத்தினார். விலை 399 பவுண்டு. வேகம் 24 கிலோமீட்டர், ஒரு சார்ஜில் 32 கிலோமீட்டர் என்றார்கள். 14 வயதுக்கு மேல் யாரும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். பனி கொட்டும் ஜனவரியில், கூரை இல்லாத, லாரி டயர் உயரமே இருக்கும் வண்டியை விற்பனைக்கு விட்டது எந்த மார்க்கெட்டிங் பாடத்தில் வரும் என்று தெரியவில்லை. ஆகஸ்டிலேயே உற்பத்தி நின்றது. ஆனால் நூறு வருடத்தில் ஒன்று மாறியிருந்தது. 1985-ல் இங்கிலாந்தில் கரண்ட் இல்லாத வீடு அநேகமாக இல்லை. 41-வது கிலோமீட்டரில் கதவைத் தட்டினால் சுவரில் சாக்கெட் இருக்கும். வண்டி மோசம், ஆனால் சாலை தயார்.

நமக்குப் பக்கத்தில் காட்மாண்டுவில் இது இன்னும் ஒழுங்காக நடந்தது. 1993-ல் டீசல் டெம்போக்களை மின்சாரத்துக்கு மாற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். சஃபா டெம்போ என்று பெயர், சஃபா என்றால் சுத்தம். 1999-ல் அரசாங்கம் பள்ளத்தாக்கில் டீசல் மூன்று சக்கர வண்டிகளைத் தடை செய்ததும் இவை பெருகின. ஓட்டுநர்களில் நிறையப் பெண்கள். மதியம் பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் நிலையத்தில் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் இது குறிப்பிட்ட ரூட்டில் ஓடும் வண்டி, யார் தயவும் தேவையில்லை. நம்ம கதை வெளியூர்க் கதை.

வெளியூர் போக மனிதர்களுக்குத் துணிச்சல் வந்தது அதற்கும் பிறகுதான். ஸ்விட்சர்லாந்தின் லூயி பால்மர் என்ற பள்ளி ஆசிரியர் 2007 ஜூலையில் லூசெர்ன் நகரிலிருந்து சோலார்டாக்சி என்ற சின்ன மின்வண்டியில் கிளம்பி, 2008 டிசம்பரில் உலகத்தைச் சுற்றி முடித்தார். சுமார் 54,000 கிலோமீட்டர். பின்னால் இழுத்துக்கொண்டு வந்த டிரெய்லரில் ஆறு சதுர மீட்டர் சூரியத் தகடு. டாக்சி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை, வழியில் பார்க்கிறவர்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவார். நியூயார்க்கில் ஏறியவர்களில் ஒருவர் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன்.

அதே பால்மர் 2010-ல் ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார். ஆகஸ்ட் 16-ம் தேதி ஜெனீவாவில் தொடங்கி, ரஷ்யா, கஜகஸ்தான், சீனா என்று போய், கப்பலில் கடல் தாண்டி வட அமெரிக்கா, அப்புறம் திரும்ப ஜெனீவா. 2011 பிப்ரவரியில் முடிந்தது. ஓட்டும் நாட்கள் மட்டும் எண்பது. (ஜூல் வெர்ன் நாவலின் கணக்கு!) அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ட்ரெவ் என்ற வண்டி, தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, மூன்றே சக்கரம், ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். எடை 300 கிலோ அளவில். காலையில் 250 கிலோமீட்டர் ஓட்டு, மதியம் நாலு மணி நேரத்துக்குள் சார்ஜ் போடு, மறுபடி 250 ஓட்டு என்பது போட்டியின் அளவுகோல்.

அந்த மதிய நாலு மணி நேரம்தான் என்னை யோசிக்க வைத்தது. பெட்ரோல் வண்டிக்காரர் ஒரு ஊரில் நிற்பது ஐந்து நிமிடம். காசு கொடுப்பார், சில்லறை வாங்குவார், போவார். அந்த ஊர் பெயரே நினைவிருக்காது. 2006-ல் இரண்டு ஆங்கிலத் தோழிகள் ரோஸ் கலர் டுக்-டுக் ஆட்டோவில் பாங்காக்கிலிருந்து இங்கிலாந்தின் பிரைட்டன் வரை சுமார் 20,000 கிலோமீட்டர் போனார்கள். பிரமாதமான பயணம்தான், ஆனால் அவர்கள் நின்றது விரும்பிய இடத்தில். மின்சார வண்டிக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பேட்டரி எங்கே முடிகிறதோ அங்கே, யார் வாசலில் சாக்கெட் இருக்கிறதோ அவரோடு, அரைநாள் உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் மணி நேரம் வண்டியைப் பற்றிக் கேள்வி. இரண்டாம் மணி நேரம் டீ. மூன்றாம் மணி நேரம் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தை. நாலாவது மணி நேரத்தில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்துக்கொள்வார்கள். பேட்டரி மெதுவாக நிரம்புவது குறைபாடுதான், சந்தேகமில்லை. ஆனால் மனிதர்கள் பழகுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகிறது.

இனி நம்ம ஆட்டோ. நவீன் ரபெல்லி, இந்தியாவில் பிறந்த ஆஸ்திரேலியப் பொறியாளர். நம்ம தெருக்களில் ஓடும் பியாஜியோ ஏப் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கி, எஞ்சினைத் தூக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்து, கூரையில் சூரியத் தகடு போட்டு, தேஜஸ் என்று பெயர் வைத்தார். 2016 பிப்ரவரியில் பெங்களூரில் கிளம்பினார். மும்பையிலிருந்து கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம். அங்கிருந்து ஈரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ் வழியாக செப்டம்பரில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் இறங்கினார். சுமார் 10,000 கிலோமீட்டர், ஏழு மாதம்.

அந்த வண்டிக்குள் என்னென்ன இருந்தது என்று அப்போது செய்திகளில் வந்தது. படுக்கை, கூட வருபவருக்கு ஒரு இருக்கை, சூரிய அடுப்பு, அப்புறம் ஒரு அலமாரி. அலமாரி எதற்கு என்றால், வழியில் மற்றவர்கள் கொடுக்கும் சாப்பாட்டை வைப்பதற்கு! வண்டியை வடிவமைக்கும்போதே முன்பின் தெரியாதவர்கள் சோறு போடுவார்கள் என்று நம்பி அதற்கு இடம் ஒதுக்கிய மனிதர். தொழில் தொடங்கும் ஒருவர் இப்படி ஒரு வரவை எழுதி பாலன்ஸ் ஷீட் போட்டால் வாத்தியார் சுழித்துவிடுவார். ஆனால் அந்த அலமாரி காலியாகக் கிடக்கவில்லை. ஈரானில் ஆட்டோவைப் பார்த்ததுமே படம் எடுத்துக்கொள்ள ஓடி வந்தார்கள், இதற்குப் பெட்ரோலே வேண்டாம் என்று சொன்னதும் அசந்துபோனார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் நல்லவர்கள் என்று கதை விடவும் முடியாது. பாரிஸ் பக்கத்தில் அவருடைய பர்ஸும் பாஸ்போர்ட்டும் திருடு போயின. அவசரப் பாஸ்போர்ட் வாங்கி, ஐந்து நாள் தாமதமாகத்தான் டோவர் வந்தார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோ கூரையில் அதிகபட்சம் மூன்று நாலு சதுர மீட்டர் இடம். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று யூனிட் கிடைக்கலாம். இன்று விற்கும் மின்சார ஆட்டோ நூறு கிலோமீட்டர் போக ஏழெட்டு யூனிட் கேட்கும். ஆக, கூரை மட்டும் என்றால் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். திரும்பவும் அதே 41-வது கிலோமீட்டர்! மிச்சத்துக்குச் சாக்கெட்டைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சாக்கெட்டின் விலை என்ன? எட்டு யூனிட், யூனிட் ஆறு ரூபாய் என்றாலும் ஐம்பது ரூபாய்க்குள். இரண்டு பேருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கும் செலவு. அதே நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆட்டோ என்றால் மூன்று நாலு லிட்டர், முன்னூறு நானூறு ரூபாய். முன்பின் தெரியாத ஒருவருக்கு நானூறு ரூபாய்ப் பெட்ரோலை யாரும் சும்மா ஊற்ற மாட்டார்கள். நான் ஊற்ற மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள். ஐம்பது ரூபாய்க் கரண்டு வேறு விஷயம். அதிலும் பெட்ரோல் பாட்டிலில் கண்ணுக்கு முன்னால் குறையும், கரண்ட் அப்படிக் குறைவது தெரியாது. மாதக் கடைசியில் பில் வரும்போது ஃபேன் எது, விருந்தாளி எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. (ஈரானில் அப்போது மின்சாரமும் மானியத்தில் மலிவு, அவர்களுக்கு இன்னும் சுலபம்.) மனிதர்கள் 1881-ல் இருந்ததைவிட 2016-ல் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்லவராக இருப்பதற்கு ஆகும் செலவு குறைந்துவிட்டது, கொடுப்பதற்கான பொருள் வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது.

அந்தச் சுவருக்கு வருவதற்குத்தான் அத்தனை வருடம். நம் நாட்டில் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அரசு அறிவித்தது 2018 ஏப்ரல் 28-ல், கடைசியாக மணிப்பூரின் லெய்சாங் கிராமம். த்ரூவே வண்டி ஓடி 137 வருடம் கழித்து.

இப்போது ஒரு கவலையும் இருக்கிறது. சார்ஜ் நிலையங்கள் புதிதாக வருகின்றன, நல்லது. ஆனால் நெடுஞ்சாலையில் வரும் வேகமான நிலையங்கள் பெரும்பாலும் கார்களுக்கானவை, சிசிஎஸ்-2 என்ற தடிமனான பிளக். அதை ஆட்டோவில் செருக முடியாது. செருக முடிந்தாலும் முதலில் ஆப் இறக்க வேண்டும், அதில் முன்பணம் போட வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும். ஆளே இல்லாத கொட்டகையில் இயந்திரம் மட்டும் நிற்கும். பெர்த்தாவின் சாலையில் அப்படி ஒரு இயந்திரம் இருந்திருந்தால் பிரேக்குக்குத் தோல் யார் அடித்திருப்பார்கள்? மூன்று சக்கரக்காரர்களுக்கு உதவுவது அதைவிட எளிமையான ஒன்று. பாரத் ஏசி-001 என்று இந்தியா வைத்திருக்கும் தரத்தில் ஒரு பிளக்குக்கு 15 ஆம்பியர். ஏறக்குறைய அதே அளவு கரண்டைத் தாங்கும் பிளக் பாயிண்ட் கிரைண்டர் ஓடும் டீக்கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் மோட்டார் கொட்டகையிலும் ஏற்கெனவே இருக்கிறது. வேறு வேலைக்காக வைத்திருப்பது, லிக்ராயின் மாதிரி.

வீஸ்லோக் மருந்துக்கடை வாசலில் நினைவுச்சின்னம் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா? 2008-லிருந்து அந்த வழி முழுவதும் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று பலகை வைத்து, போக வர 194 கிலோமீட்டரும் குறித்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. புருக்சால் கொல்லரின் பெயரும், தோல் அடித்துக் கொடுத்தவரின் பெயரும் நான் படித்த எதிலும் வரவில்லை. ட்ரெவ் வண்டி நாலு மணி நேரம் நின்ற கடைக்காரர்கள், தேஜஸின் அலமாரியில் ரொட்டி வைத்துவிட்டுப் போனவர்கள், இவர்களுக்கும் எந்தப் பலகையும் இல்லை. வைப்பதென்று ஆரம்பித்தால் பந்தர் அப்பாஸிலிருந்து டோவர் வரை வைக்க வேண்டியிருக்கும்.